ஏற்பூசி

திருக்கை முள் குத்தினால் வரும் வலி மற்ற வலிகளைப் போன்றதல்ல. இலங்கையில் கல்முனைக்குடிப் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரை, நனைந்த சாரனை மாற்றக்கூட விடாமல், முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். குதிக்காலுக்கு மேலே சின்ன ஓட்டைதான். ஆனால் ஆழம். தாதி காயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

“காக்கா, கடைசியா எப்ப ஏற்பூசி போட்டீங்க?”

“ஏற்பூசியா? அது புள்ளத்தாச்சிப் பொண்டுகளுக்குப் போடுற ஊசியில்லியா மகள்?”

பக்கத்து வாங்கில் இருந்த எனக்கு அந்தப் பதில் மறக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் அவருடைய உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏற்பு என்றால் எங்கள் பேச்சில் இழுப்பு, உடம்பு விறைத்துப் பிடித்துக்கொள்வது. ஏற்புவலி என்றும் சொல்வோம். தமிழ்நாட்டில் இதையே ரண ஜன்னி என்பார்கள். வைத்திய நூல்களில் தனுர்வாதம்: உடல் வில்லாக வளைந்துவிடும் நோய். முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். வாயைத் திறக்க முடியாது. பிறகு கழுத்து, முதுகு, வயிறு. ஒரு கதவு அடிபட்ட சத்தம் போதும், முழு உடலும் ஒருமிக்க இறுகும். முதுகெலும்பு முறிந்துபோகும் அளவுக்குக்கூட இறுகும். கொடுமை என்னவென்றால், நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை. எல்லாவற்றையும் தெளிந்த அறிவோடு அனுபவிப்பார்.

துருப்பிடித்த ஆணியால் வருவது என்றுதான் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளொஸ்ட்ரிடியம் டெட்டானி என்ற பக்டீரியா மண்ணில் வாழ்கிறது. மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் குடலிலும் சாணத்திலும் இருக்கிறது. சம்மாந்துறை வயல்வெளியிலும், எங்கள் வளவுக்குள்ளும், கடற்கரை மணலிலும் அதன் வித்துகள் கிடக்கின்றன. கொதிநீருக்கும் தப்பும் வித்துகள் அவை. காற்றுப் படும் இடத்தில் முளைக்காது. ஆழமான, குறுகலான, காற்று நுழையாத காயம் கிடைத்தால் அங்கே விழித்துக்கொள்ளும். ஆணி, முள், தூண்டில் கொளுக்கி, கெளுத்தியின் செட்டை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இந்தப் பக்டீரியா உடலெங்கும் பரவி நம்மைக் கொல்வதில்லை. காயத்தை விட்டு நகராமல், இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கொல்வது அந்த நஞ்சு. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

அந்த நஞ்சு 1,315 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த ஒரு புரதம். காயத்துக்கு அருகில் உள்ள நரம்பு நுனிக்குள் நுழைந்து, அந்த நரம்பு வழியாகவே மேல்நோக்கிப் பயணம் செய்து முண்ணாணை அடைகிறது. தசையை இறுக்கச் சொல்லும் நரம்புக் கலங்கள் அங்கே இருப்பதுபோல, “போதும், விடு” என்று சொல்லும் கலங்களும் இருக்கின்றன. நஞ்சு தேடிப் போவது இரண்டாவது வகையைத்தான். தடுக்கும் செய்தியை வெளியே அனுப்புவதற்கு அந்தக் கலங்களுக்குத் தேவையான சினப்டோபிரெவின் என்ற புரதத்தை நஞ்சு வெட்டிவிடுகிறது. 1992 இல் இத்தாலியின் பாதுவா நகரில் ஜியாம்பியெத்ரோ ஸ்கியாவோவும் செசாரே மொந்தெக்கூக்கோவும் தங்கள் குழுவினருடன் இதைக் கண்டுபிடித்தார்கள். நஞ்சு ஒரு கத்தரிக்கோல். அது ஒரே புரதத்தை, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வெட்டுகிறது. பிறேக் அறுந்த வண்டியாகிவிடுகிறது உடல்.

மனிதனைக் கொல்ல எவ்வளவு நஞ்சு வேண்டும்? ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 2.5 நனோகிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஒரு நெல்மணி 25 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொண்டால், அந்த எடை நஞ்சு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்குப் போதும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு வினோதம் பிறக்கிறது. சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவதில்லை. உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கோ அது திரும்பவும் வரலாம். உயிரை எடுக்கப் போதுமான நஞ்சின் அளவு, நோயெதிர்ப்புத் தொகுதி கண் திறந்து பார்க்கக்கூடப் போதாத அளவு. உடல் பாடம் படிக்கும் முன்பே பள்ளிக்கூடம் மூடிவிடும். எனவே இந்த நோயிலிருந்து இயற்கையாக எவருக்கும் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. உலகில் ஏற்புவலிக்கு எதிரான காப்பு யாரிடம் இருந்தாலும், அது ஊசியால் வந்தது, அல்லது ஊசி போட்ட தாயிடமிருந்து வந்தது.

1890 இல் பேர்லினில் எமில் வொன் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோ ஷிபாசாபுரோவும் சேர்ந்து ஒன்றைக் காட்டினார்கள். ஏற்புவலி நஞ்சைச் சிறிது சிறிதாகப் பழக்கிய விலங்கின் இரத்தத் தெளிவில் அந்த நஞ்சை முறிக்கும் ஏதோ ஒன்று உண்டாகிறது. அதை எடுத்து வேறு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் தப்புகிறது. இன்று பிறபொருளெதிரி என்று பாடசாலைப் புத்தகத்தில் படிப்பது இதைத்தான். அதன் பிறகு, அதேபோல் நஞ்சால் கொல்லும் தொண்டைக் கரப்பனின் நஞ்சையும் குதிரைகளுக்குப் பழக்கி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து எடுத்தார்கள். தொண்டைக் கரப்பனால் மூச்சு அடைத்துச் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். பேரிங்குக்கு 1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நொபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் குதிரையிடம் இரவல் வாங்கிய காப்பு சில கிழமைகள்தான் நிற்கும். சொந்தக் காப்பு வேண்டுமென்றால் உடலுக்கு நஞ்சைக் காட்டியே ஆகவேண்டும். கொல்லாமல் காட்டுவது எப்படி?

வழி திறந்தது ஒரு பாத்திரம் கழுவும் வேலையில். லண்டனில் வெல்கம் ஆய்வுகூடத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் கிளென்னி, தொண்டைக் கரப்பன் நஞ்சை வைத்திருந்த பெரிய கொள்கலன்களை ஃபோமலின் ஊற்றிச் சுத்தம் செய்தார். கொதிகலனுக்குள் நுழைக்க முடியாத அளவு பெரிய கொள்கலன்கள் அவை. ஒரு தடவை அவற்றில் ஒன்றில் ஊற்றிய நஞ்சு வலுவிழந்து கிடந்தது. சீமைப் பெருச்சாளிகளுக்கு ஏற்றினால் அவை சாகவில்லை. எறிந்துவிடாமல் தொடர்ந்து பார்த்தார். அந்த விலங்குகளுக்கு உண்மையான நஞ்சைக் கொடுத்தபோதும் அவை சாகவில்லை! இது 1904 அளவில்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கஸ்தோன் ரமோன் என்ற மிருக வைத்தியர் 1923 இல் இதைத் திட்டமிட்டுச் செய்தார். நஞ்சுடன் ஃபோமலினைக் கலந்து, உடல் சூட்டை ஒத்த வெப்பத்தில் ஒரு மாதம் அளவில் வைத்தார். நஞ்சின் கடி போயிற்று. முகம் மட்டும் மாறாமல் இருந்தது. ஃபோமலின், புரதத்தின் சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இடங்களைக் குறுக்கே தைத்துப் பூட்டிவிடுகிறது. கத்தரிக்கோலின் இரண்டு இதழ்களையும் கம்பியால் கட்டிவிட்டால் அது வெட்டாது. பார்ப்பவருக்கு இன்னும் கத்தரிக்கோலாகத்தான் தெரியும். உடலின் காவற்படை அந்த உருவத்தைப் பார்த்துப் பிறபொருளெதிரியைச் செய்து, நினைவிலும் வைத்துக்கொள்கிறது. இப்படிக் கடி எடுத்த நஞ்சின் பெயர்தான் டொக்சொயிட். அடுத்த ஆண்டே, அதே நிறுவனத்தில், பியேர் தெகோம்பே ஏற்புவலி நஞ்சுக்கும் இதைச் செய்துவிட்டார். ரமோனின் பெயர் நொபெல் பரிசுக்கு 155 தடவை முன்மொழியப்பட்டது. ஒருமுறையும் கொடுக்கவில்லை. எத்தனை கோடிப் பிள்ளைகளின் மூச்சு அவருடைய ஒரு மாதக் காத்திருப்பில் இருக்கிறது என்று நினைக்கும்போது இது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

ரமோன் இன்னொன்றும் கவனித்தார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளில் பிறபொருளெதிரி கூடுதலாக வந்தது. வேண்டுமென்றே வீங்கவைக்க, டொக்சொயிட்டுடன் பாண் தூளையும் மரவள்ளி மாவையும் கலந்து குதிரைக்கு ஏற்றிப் பார்த்தார். நாங்கள் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் தின்னும் அதே மரவள்ளி! காப்பு ஏறியது. மனிதருக்கு மாவை ஏற்ற முடியாதுதான். கிளென்னி 1926 இல் அந்த இடத்துக்குச் சீனக்காரத்தைக் கொண்டுவந்தார். கலங்கிய கிணற்று நீரைத் தெளிய வைப்பதற்கும் சவரம் செய்த முகத்தில் தேய்ப்பதற்கும் நாம் வைத்திருக்கும் சீனக்காரம். டொக்சொயிட் அதனுடன் சேர்ந்து நுண்மணிகளாகப் படிகிறது. ஊசி போட்ட இடத்தில் தங்கி, “இங்கே ஏதோ நடக்கிறது” என்று காவற்படையைத் தட்டி எழுப்புகிறது. இன்றைய ஏற்பூசியிலும் இதே குடும்பத்து அலுமினிய உப்புத்தான். கை இரண்டு நாள் கனப்பதற்கும் அது ஒரு காரணம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் குப்பியைப் பாருங்கள். நிமிர்த்தி வைத்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், மேலே தெளிந்த நீர். ஊசி போடுபவர் அதைக் குலுக்குவார்; முழுதும் பால் கலந்த நீர்போல் ஆகும். பிறகுதான் சிரிஞ்சில் இழுப்பார். அரை மில்லிலீற்றர். குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு.

எங்கள் ஊர் வெயிலில் மருந்து சூட்டில் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். ஏற்பூசியின் உண்மையான எதிரி குளிர். 37 பாகையில்கூட ஏற்புவலி டொக்சொயிட் கிழமைக்கணக்கில் தாங்கும். உறைந்துவிட்டால் அன்றோடு சரி. சீனக்கார மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, டொக்சொயிட் தன் பிடியை இழந்துவிடும். உருகிய பிறகு பார்த்தால் மேலோட்டமாக ஒன்றும் தெரியாது. ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்த குப்பிக்கு இது நடக்கலாம். சந்தேகம் வந்தால் செய்வது இதுதான்: அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். உறைந்தது விறுவிறு என்று அடியில் படியும். நல்லது மெதுவாக இறங்கும். இரண்டும் ஒரே வேகத்தில் படிந்தால் சந்தேகத்துக்குரிய குப்பியை வீச வேண்டியதுதான். உறையவைத்து உருக்கிய பிறகு ஆய்வுகூடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஒரு மேசையும் அரைமணி நேரமும் போதும்.

அந்த மீனவர் சொன்ன “புள்ளத்தாச்சி ஊசி”க்கு வருகிறேன்.

பிறந்த குழந்தை இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கிறது, வீரிட்டு அழுகிறது. மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ முலையை வாயில் பற்ற முடியவில்லை. உதடு இறுகி, சிரிப்பதுபோல் முகம் கோணுகிறது. பிறகு உடம்பு விறைக்கிறது. தொப்புள் கொடியை வெட்டிய பிளேட்டில் இருந்தோ, காயட்டும் என்று கொடியில் வைத்த சாம்பலில் இருந்தோ வித்து உள்ளே போயிருக்கும். எங்கள் மூத்தம்மாமாரின் காலத்தில் பிள்ளைப்பேறு வீட்டில்தான். மருத்துவிச்சி வருவார், கைராசிக்காரியாக இருப்பார், அன்பானவராக இருப்பார். வித்துக்கு அன்பு தெரியாது. நாற்பது கழியுமுன் அடங்கிப்போன பிள்ளைகளைப் பற்றி, “பால் குடிக்கல்ல, அப்பிடியே போயிட்டு” என்று முதியவர்கள் சொல்லும்போது அந்த ஒரு வசனத்துக்குள் இந்த நோயும் ஒளிந்திருக்கிறது. 1988 இல் உலகம் முழுதும் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டுக் காப்பாற்ற நேரமில்லை. நோய் வரும் நாளுக்கு முன் அதன் உடல் எதையும் கற்றுக்கொள்ளாது. ஆகவே தாயின் வழியாக. தாய்க்கு ஏற்பூசி போட்டால், அவள் செய்யும் பிறபொருளெதிரி சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளைக்குள் போகிறது. அது தானாகக் கசிந்து போவதில்லை. சூல்வித்தகத்தில் அதற்கென்றே இருக்கும் வாங்கிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கி அக்கரையில் சேர்க்கின்றன. கடைசி மாதங்களில் இந்தக் கடத்தல் மும்முரமாகி, பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தத்தில் தாயினதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். சூல்வித்தகத்துக்கு நம் பேச்சுமொழி வைத்திருக்கும் பெயர் நச்சுக்கொடி. நஞ்சை முறிக்கும் மருந்து பிள்ளைக்குப் போய்ச்சேரும் பாதைக்கு அப்படியொரு பெயர்.

இது வேலை செய்யும் என்பதை நியூ கினியின் மப்ரிக் பகுதியில் செய்த ஆய்வு 1961 இல் காட்டியது. காப்பில்லாத தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்து அளவில் ஏற்புவலியால் இறந்த இடம் அது. மூன்று ஊசி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இலங்கையில் அதே 1961 இல் தொண்டைக் கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி பிள்ளைகளுக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஏற்பூசி 1969 இல் தொடங்கியது. 1978 இல் எல்லாம் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் என்ற ஒரே கூரைக்குள் வந்தன. தாய்க்கும் சிசுவுக்குமான ஏற்புவலி ஒழிக்கப்பட்ட பிராந்தியமாகத் தென்கிழக்காசியா 2016 இல் அறிவிக்கப்பட்டது. இலங்கை அதற்கு வெகு முன்பே அந்த நிலையில் இருந்தது.

இந்த வெற்றியை ஊசிக்கு மட்டும் எழுதிவைத்தால் அநியாயம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும், ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ப் படலையில் நின்று “மகள், இந்த மாதம் கிளினிக் வரல்லயே” என்று கேட்ட குடும்பநல மாதுமாருக்கும் பங்கு உண்டு. பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அவர்களுக்கு நித்திரை வராது. யுத்த காலத்திலும் அந்தக் கட்டங்களை நிரப்பினார்கள்.

நிரப்பியதன் பெறுமதி ஒரே காலையில் தெரிந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் இருந்தன. நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். தப்பியவர்களின் உடலில் கீறாத இடமில்லை. கூரைத் தகரம், முள்ளுக்கம்பி, உடைந்த ஓடு, எல்லாவற்றிலும் சேறு. ஏற்புவலிக்கு இதைவிடச் சாதகமான நாள் இருக்க முடியாது. கடலின் அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் அச்சேயில், அதுதான் நடந்தது: 106 பேருக்கு ஏற்புவலி, 20 பேர் மரணம் என்று பதிவாகியது. எங்கள் கரையில் அப்படியொரு அலை எழவில்லை. ஊசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். முகாம்களில் காயத்தைக் கழுவிக் கட்டியவர்களும் காரணம். ஆனால் முப்பது, நாற்பது வருடமாகத் தோளில் ஏறிய அந்த அரை மில்லிலீற்றர்கள் அன்று மௌனமாக வேலை செய்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தொண்டைக் கரப்பன் வேறு மாதிரி. அதுவும் நஞ்சால் கொல்லும் நோய்தான். ஆனால் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றும். அதன் நஞ்சு ஒரு கலத்துக்குள் ஒரேயொரு மூலக்கூறு நுழைந்தாலும் அங்கே புரதம் செய்யும் வேலையை நிறுத்திக் கலத்தையே கொன்றுவிடக்கூடியது. விசித்திரம், அந்த நஞ்சைச் செய்யும் மரபணு பக்டீரியாவுக்குச் சொந்தமானதல்ல. பக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது. இலங்கையில் 1996க்குப் பிறகு இந்த நோய் பதிவாகவில்லை. இன்றைய தாய்மார் அதைக் கண்டதில்லை. இளம் வைத்தியர்களும் கண்டதில்லை. அதனால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2016 இல் கேரளத்தின் மலப்புறத்தில் ஊசி முழுமையாகப் பெறாத பதின்ம வயதுப் பிள்ளைகள் இதனால் இறந்தார்கள். 2017 இறுதியில் வங்காளதேசத்தின் கொக்ஸ் பஸாரில், மியன்மாரிலிருந்து உயிர்தப்பி வந்த ரோஹிங்கியர்களின் கூடாரங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வந்து, நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பிறந்ததிலிருந்தே ஊசி எட்டாத பிள்ளைகள் அவர்களில் ஏராளம்.

ஏற்புவலியில் அயலவன் ஊசி போட்டால் எனக்குப் பயனில்லை. அது அயலவனிடமிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. ஊரில் ஆயிரம் பேருக்குக் காப்பு இருந்தாலும் ஆயிரத்தோராவது ஆள் மிதிக்கும் முள் அதே முள்தான். மண்ணைக் கழுவி முடிக்க முடியாது என்பதால் இந்த நோயைப் பெரியம்மைபோல் உலகிலிருந்து துடைக்கவும் முடியாது. ஒவ்வொரு உடலும் தனித்தனியே, ஒவ்வொரு தலைமுறையும் மறுபடியும்.

இங்கே ஒரு வதந்தியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தது. ஒரு பொய் எவ்வளவு நெருப்பு மூட்டும் என்பதை எங்கள் மக்கள் தோலில் அனுபவித்தார்கள். அதே வகைப் பொய் ஏற்பூசியையும் சுற்றி வருகிறது: இதைப் போட்டால் பிள்ளை பிறக்காதாம். 1990களில் பிலிப்பைன்ஸிலும் மெக்ஸிகோவிலும், 2014 இல் கென்யாவிலும் இது பரவியது.

பொய்க்குப் பின்னால் ஒரு துண்டு உண்மை உண்டு. அதை மறைப்பதைவிடச் சொல்வது நல்லது. டெல்லியில் ஜி.பி. தல்வார் என்ற விஞ்ஞானி, கர்ப்பத்தைத் தாங்கும் ஓமோன் ஒன்றின் பகுதியை ஏற்புவலி டொக்சொயிட்டுடன் பிணைத்து, கருத்தடைக்கான தனியான தடுப்பூசியொன்றைப் பரிசோதித்தார். அதற்கு ஒப்புக்கொண்ட பெண்களிடம் செய்த ஆய்வின் முடிவு 1994 இல் வெளியானது. கிளினிக்கில் போடும் ஏற்பூசியில் அந்த ஓமோன் இல்லை. இதற்கு ஆய்வுகூடச் சான்றிதழைவிடப் பெரிய சாட்சி எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. முதல் வயிற்றில் இரண்டு ஊசி, அடுத்த வயிற்றில் மூன்றாவது, அதற்கடுத்ததில் நான்காவது, பிறகு ஐந்தாவது என்றுதான் தாய்மாருக்கான அட்டவணையே அமைந்தது. பெற்றவள் திரும்பவும் கர்ப்பமாகி வருவாள் என்ற நம்பிக்கையில் எழுதிய அட்டவணை அது. சாய்ந்தமருதில் நாலு பிள்ளை பெற்ற ஒரு தாயின் பழைய கிளினிக் அட்டையைப் பார்த்தாலே போதும்.

தல்வார் ஏன் இந்த டொக்சொயிட்டைத் தேர்ந்தார் என்பதில்தான் கடந்த நாற்பது வருட அறிவியலின் பெரிய பாய்ச்சல் இருக்கிறது. டொக்சொயிட் நல்ல சுமைகாரன். குழந்தைகளின் மூளைக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் காரணமான சில பக்டீரியாக்கள் தம்மைச் சீனிச் சங்கிலியால் போர்த்தியிருக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் காவற்படை சீனியைப் பார்த்து எழும்பாது. அதே சீனியை டொக்சொயிட்டுடன் பிணைத்துக் கொடுத்தால், தெரிந்த ஆள் கூட்டிவந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்து நினைவில் வைத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியில், அந்தப் பக்டீரியாக்களில் ஒன்றான ஹிப்புக்கு எதிரான பகுதி இப்படிப்பட்டது. இந்த ஊசி இலங்கைக்கு 2008 இல் வந்தது. சில குழந்தைகளின் மரணத்தால் சந்தேகம் எழுந்தவுடன் நிறுத்தி, ஆராய்ந்து, 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்க்கும் திட்டத்தைத்தான் நான் நம்புவேன்.

புனேயின் சீரம் நிறுவனம் ஆபிரிக்காவின் மூளைக்காய்ச்சல் பிரதேசத்துக்கென்று செய்த மென்ஆஃப்ரிவக் ஊசியில் சுமைகாரன் ஏற்புவலி டொக்சொயிட். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் அது தொடங்கிய பிறகு, அங்கே பெரிய கொள்ளைநோய்களை உண்டாக்கிவந்த ஏ வகைப் பக்டீரியா ஏறத்தாழ மறைந்தே போனது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்யும் நெருப்புக்காய்ச்சல் ஊசியிலும் அதே சுமைகாரன்தான்.

இன்னொரு பாய்ச்சல், ஃபோமலினையே கைவிடுவது. ஃபோமலின் கண்ணை மூடிக்கொண்டு தைக்கும் தையற்காரன். கத்தரிக்கோலைக் கட்டும்போது முகத்திலும் சில இடங்களைத் தைத்துவிடும். ஒவ்வொரு தொகுதியும் கொஞ்சம் வேறுபடும். தொண்டைக் கரப்பன் நஞ்சில் 535 அமினோ அமிலங்கள். 1971 இல் உச்சிடா, பப்பன்ஹைமர் குழுவினர் அறிவித்த திரிபுகளில் ஒன்றில் 52ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. ‘நஞ்சு’ என்பதில் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் ‘பஞ்சு’ ஆகிவிடுவதுபோல, அந்த ஒரு மாற்றத்தில் நஞ்சின் கடி போய்விட்டது; உருவம் அப்படியே. சீ.ஆர்.எம் 197 என்ற இந்தப் புரதம் இன்று உலகின் நிமோனியா ஊசிகள் பலவற்றின் சுமைகாரன்.

குக்கலுக்கும் இதே வழியில் போகிறார்கள். குக்கல் நஞ்சில் இரண்டு இடங்களை மாற்றிக் கடி எடுத்த ஊசிக்கு 2016 இல் தாய்லாந்து அனுமதி கொடுத்தது. ஏற்புவலி நஞ்சில் எட்டு இடங்களை மாற்றிய வடிவமொன்றை அமெரிக்காவில் ஜோசப் பார்பியேரியின் குழு 2020 இல் வெளியிட்டது. அசல் நஞ்சைவிடக் குறைந்தது ஐந்து கோடி மடங்கு நச்சுத்தன்மை குறைந்தது என்று எலிகளில் காட்டினார்கள். அது எங்கள் கிளினிக்குக்கு வர இன்னும் பல படிகள் ஏற வேண்டும். எல்லாப் படியும் ஏறியே தீரும் என்றும் இல்லை. முதியோருக்கு வைத்தியசாலையில் தொற்றும் கொடிய வயிற்றோட்டத்துக்குக் காரணமான குளொஸ்ட்ரிடியம் டிஃபிசிலுக்கு எதிராக இரண்டு பெரிய கம்பனிகள் டொக்சொயிட் ஊசி செய்தன. ஒன்று 2017 இல் இடைநடுவில் நின்றது. மற்றது 2022 இல் தொற்றைத் தடுக்கும் இலக்கை எட்டவில்லை; வந்த நோயின் கடுமையை மட்டும் குறைத்ததாகத் தெரிந்தது. நஞ்சைக் கட்டினால் நோய் நிற்கும் என்ற சூத்திரம் எல்லா இடத்திலும் முழுசாகப் பலிக்காது.

அன்று அந்த மீனவரின் கதைக்குத் திரும்பினால், அவருக்குக் குழந்தையில் முக்கூட்டு ஊசி கிடைக்கவில்லை. பாடசாலையில் ஊசி போடும் வயதில் அவர் வலையில் நின்றார். மனைவிக்கு ஒவ்வொரு வயிற்றிலும் ஏற்பூசி ஏறியது. அவருக்கு ஏற யாரும் காரணம் தரவில்லை. இன்று இந்த நோய் வரும் சிலரில் இப்படிப்பட்ட முதியவர்களே கூடுதல். காயம் பட்டால்தான் ஊசி ஞாபகம் வருகிறது. காயம் சின்னதென்றால் அதுவும் வருவதில்லை.

தாதி குப்பியைக் குலுக்கினார். உடனடிக் காப்புக்கு ஆயத்தப் பிறபொருளெதிரி ஊசி ஒன்று, உடல் தானே கற்றுக்கொள்ள டொக்சொயிட் ஒன்று, வேறுவேறு இடத்தில். ஒரு சின்ன அட்டையில் திகதி எழுதி நீட்டினார்.

“காக்கா, நாலு கிழமையில அடுத்தது. பொறகு ஆறு மாசத்தில இன்னொண்டு. கால் சுகம் எண்டு வராம நிண்டிராதீங்க.”

“கால் நல்லாயிட்டா பொறகு என்னத்துக்கு மகள்?”

“இது இந்தக் காலுக்கு இல்ல காக்கா. அடுத்த முள்ளுக்கு.”

அவர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சேர்ட் பையிலிருந்து அடையாள அட்டை சுற்றியிருந்த பொலித்தீன் பையை எடுத்து, கடல் நீர் படாத அந்த இடத்தில் இதையும் வைத்துச் சுருட்டினார்.